அந்த பாஸ் கிட்டார் உன் அப்பாவுடையது அல்ல

தம்பி,

கோபமாக இருக்கிறேன். அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் அனுப்பும் எதையும் பாதி வாசித்துவிட்டு ஒரு கட்டைவிரல் படம் போட்டு மூடிவிடுகிற ஆள் நீ. இதற்குக் கட்டைவிரல் போட முடியாது. இதை நான் போனில் அனுப்பவில்லை. லண்டன் முழுக்க, விம்பிள்டனிலும் கிங்ஸ்பரியிலும் எட்மண்டனிலும் தமிழ்க் கடைகளில் கறிவேப்பிலைக் கட்டோடு சேர்த்து எல்லோரும் எடுத்துப்போகிற நமது மாதப் பத்திரிகைக்குக் கொடுத்திருக்கிறேன். வீட்டு விஷயத்தை அம்மா வீதிக்குக் கொண்டுவந்துவிட்டாவே என்று தலையில் கை வைப்பாய். வை. பொய்யை நீ சபையில் வைத்துச் சொன்னாய். உண்மையை மட்டும் நான் குசினிக்குள் நின்று முணுமுணுக்க வேண்டுமா?

நடந்தது என்னவென்று மற்றவர்களுக்கும் தெரியட்டும். நீ கல்யாணம் செய்யப்போகிற நிவேதாவின் தாயும் தகப்பனும் முதன்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நிவேதாவுக்கு அன்று வேலை, வரவில்லை. நான் காலையிலிருந்து குசினியில் நின்று, மாவுக்குள் மீன் வைத்து மடித்துப் பற்றிஸ் பொரித்தேன். ஹோலில் ஜன்னல் பக்கமாக, தன் வழக்கமான இடத்தில், என் பாஸ் கிட்டார் நின்றது. தடித்த நான்கு கம்பி, நீண்ட கழுத்து, கருஞ்சிவப்பு உடம்பு, விளிம்பு முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட கரை. எழுபதுகளின் தொடக்கத்தில் செய்த வாத்தியம். நீ பிறப்பதற்கு முன்பே என் கைக்கு வந்துவிட்டது. அன்று காலை நீ வந்து, "அம்மா, இதை மேல கொண்டுபோய் வைக்கட்டோ? இடம் காணாது" என்று கேட்டாய். இடம் தாராளமாக இருந்தது. அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

உன் மாமனார் வாசலில் சப்பாத்தைக் கழற்றிய கையோடு அதைக் கண்டார். கண்டவர் அப்படியே நின்றுவிட்டார். "ஐயோ, இது அந்தக் காலத்து மொடல் எல்லோ! நான் படிக்க வந்த காலத்தில கடைக் கண்ணாடிக்கு வெளியால நிண்டு பாத்த சாமான். ஆற்றை கிட்டார் இது?" என்றார். நான் பற்றிஸ் தட்டோடு குசினி வாசலில் நின்றேன். வாயைத் திறக்கப் போனேன். நீ முந்திக்கொண்டாய்.

"அது அப்பான்ர, அங்கிள்."

உன் அப்பா என்ன செய்தார்? மீசையைத் தடவினார். மனுசன் நல்லவர், அதை நான் மறுக்கவில்லை. சுவிஸில் கோப்பை கழுவி, லண்டனுக்கு வந்து பலசரக்குக் கடை போட்டு, உன்னைப் படிப்பித்தார். ஆனால் கோயில் பஜனையில் அவர் கைதட்டினால் பக்கத்தில் நிற்கிறவருக்கும் தாளம் பிசகும். அந்த மனுசனைத்தான் நீ பாஸ் கிட்டார்க்காரர் ஆக்கினாய்.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் காது சூடாகிறது. உன் மாமனார் சாதாரணமாகக் கேட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை. எழுபதுகளில் இங்கே படிக்க வந்து, தங்கியிருந்த வீட்டுப் பொடியன்களோடு சேர்ந்து புரோகிரெசிவ் ராக் கேட்டு வளர்ந்தவர். ஒரு பாட்டு இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடுமே, பாதியில் தாளம் மாறி, இன்னொரு கதை தொடங்கி, திரும்பவும் பழைய இடத்துக்கு வருமே, அந்த இசை. அந்த இசையை வாசித்தவர்களைப் பற்றி வாய் நிறையப் பேசக்கூடிய ஒரு தமிழரை இத்தனை வருட லண்டன் வாழ்க்கையில் நான் கண்டதில்லை. கடைசியில் ஒருவர் வந்து என் ஹோலில், என் கதிரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்து, உன் அப்பாவோடு பேசினார்!

"கம்பி தட்ட பிக் துண்டு பாவிக்கிறனீங்களோ, விரலோ?" என்று கேட்டார். "கையாலதான்" என்றார் உன் அப்பா. "அந்தக் காலத்து ஆக்கள் மேல் பிக்அப் காந்தத்தை ஒரு அம்ப்ளிபயருக்கும் கீழ் பிக்அப்பை இன்னொண்டுக்கும் குடுத்து வாசிச்சவை. நீங்களும் ரெண்டு குடுக்கிறனீங்களோ?" என்று கேட்டார். உன் அப்பா யோசித்துப் பார்த்துவிட்டு, "இல்லை, எங்களுக்கு ஒரு பிளக் பொயின்ட் காணும்" என்றார். உன் மாமனார் விழுந்து விழுந்து சிரித்தார். நீயும் சிரித்தாய். நான் தேத்தண்ணி ஊற்றினேன். சீனி எவ்வளவு என்று கேட்டேன். அன்று என்னிடம் யாரும் கேட்ட ஒரே கேள்வி, பற்றிஸுக்கு உள்ளே என்ன மீன் என்பது.

நான் ஏன் அப்போது வாயைத் திறக்கவில்லை என்று கேட்பாய். முதல் நாள், கல்யாணப் பேச்சு, திறந்தால் என் பிள்ளை பொய்யன் என்று அந்த வீட்டாருக்குத் தெரிந்துவிடும். நீ வேறு தட்டுக்கு மேலால் என்னைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினாய். உன் மானத்தைக் காப்பாற்ற நான் வாயை மூடினேன். அதையே எனக்கும் இதில் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தக் கிட்டார் எப்படி வந்தது என்று உனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் சொன்னாய், அதனால் திரும்பச் சொல்கிறேன். ஊரில் சண்டை தொடங்கி நான் இங்கே வந்து சேர்ந்தபோது எட்மண்டனில் ஓர் அறையில் பெண் பிள்ளைகளாக நெருக்கியடித்துக்கொண்டு இருந்தோம். பகலில் கணக்கியல் படிப்பு. பின்னேரத்தில், ரயில் பாலத்துக்குக் கீழே வளைவுகளுக்குள் இருந்த ஒத்திகை அறைகளைக் கூட்டித் துடைக்கிற வேலை. அங்கே வந்தவர்கள் எல்லாம் தலைமுடி நீண்டு நெற்றி ஏறிய நடுவயதுக்காரர்கள். அவர்களுடைய இசையின் காலம் போய்விட்டது என்று பத்திரிகைகள் எழுதின. அவர்களுக்கு அதைப் பற்றிக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. நான் வாளியோடு வெளியே காத்திருப்பேன், பாட்டு முடியாது. முதலில் எரிச்சல்தான் வந்தது, பொய் சொல்லமாட்டேன். பிறகு ஒருநாள் கதவில் சாய்ந்து நின்றபோது, எல்லா வாத்தியத்துக்கும் கீழே ஒன்று நடந்து போவது என் வயிற்றுக்குள் கேட்டது. அதிலிருந்து அறை துடைக்க நான் நேரத்தோடே போகத் தொடங்கினேன். அப்படிக் கேட்டது இந்த பாஸ் கிட்டார்தான்; இதை வாசித்தவருக்கு முதுகு வலி, அதன் பாரத்தைத் தாங்க முடியவில்லை, விற்றுவிட்டு லேசானது வாங்கப் போவதாகச் சொன்னார். வாங்கினேன். பஸ்ஸில் அதை மடியில் நெடுக்காக வைத்துக்கொண்டு வந்ததைப் பார்த்து அறையில் இருந்த பிள்ளைகள் எனக்கு விசர் பிடித்துவிட்டது என்றார்கள். இருக்கட்டும். கசெட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டு, விரல் நுனி கொப்பளித்து, நானாகப் பழகியது அது. எனக்கு யாரும் தானமாகத் தரவில்லை.

அந்தப் பழைய ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா, தம்பி? பாஸ் என்றால் பின்னால் நின்று மேளக்காரரோடு சேர்ந்து தும் தும் என்று போட்டுக்கொண்டிருக்க வேண்டிய வாத்தியம் என்றுதான் அதுவரை எல்லோரும் நினைத்தார்கள். இவர்கள் அதை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். ஒருவர் புதுக் கம்பி மாட்டி, பிக்கால் அடித்து, மூலையில் உறுமிக்கொண்டிருந்த சத்தத்தைப் பாட வைத்தார். இன்னொருவர் கையில் வேறு கிட்டாரை வைத்துக்கொண்டு, பாஸ் சுரங்களைத் தையல் மெஷின் மிதிக்கிற மாதிரிக் காலால் வாசித்தார். வேறொருவர் பாடி, பாஸ் வாசித்து, காலாலும் மிதித்தார், மூன்றும் ஒரே நேரத்தில். இதை உலகமே வாயைப் பிளந்து பார்த்தது. மூன்று அடுப்பில் கறி வைத்துக்கொண்டு, போனில் ஊர்க்கதை கதைத்துக்கொண்டு, பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கிற எங்கள் பெண்களுக்கு அது ஒன்றும் பெரிய விஷயமில்லை, ஆனாலும் கெட்டிக்காரர்தான். நான் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்தத் துணிவை. நீ என்னடா என்றால் என்னைத் திரும்பவும் பின்னுக்குக் கொண்டுபோய், கையில் பற்றிஸ் தட்டையும் தந்து நிறுத்திவிட்டாய்.

நீ எப்போதும் இப்படி இருந்தவன் இல்லை. அதுதான் இன்னும் ஆத்திரம். சின்ன வகுப்பில் உங்கள் வீட்டைப் படமாகக் கீறுங்கள் என்று சொன்னபோது நீ என்னைக் கீறினாய். தலையில் கொண்டை, கையில் என்னைவிடப் பெரிய கிட்டார், கரையில் கறுப்பு வெள்ளைக் கட்டம் ஒன்று விடாமல். உன் அப்பாவுக்கு ஏன் கொண்டை போட்டிருக்கிறாய் என்று டீச்சர் கேட்டாராம். நீ மேசைக்குக் கீழே போய் இருந்துகொண்டு, நான் வரும்வரைக்கும் வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடித்தாய். நான் வேலையிலிருந்து ஓடி வந்தபோது மூக்கெல்லாம் சளி. "அம்மா, நீங்களே சொல்லுங்கோ, இது ஆர் எண்டு சொல்லுங்கோ" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது? நான் வளர்த்த வளர்ப்பில்தான் எங்கோ ஓட்டை விழுந்ததா, அல்லது கோட் சூட் போட்டதும் நாக்கும் சேர்ந்து மடிந்துவிட்டதா?

பொய் அதோடு நின்றிருந்தாலும் விழுங்கியிருப்பேன். நிற்கவில்லை. உன் மாமனார் போன் எடுத்து, ரிசெப்ஷனில் சம்பந்தி மேடையேறி இரண்டொரு பாட்டுக்கு பாஸ் வாசிக்கத்தான் வேண்டும், அது தன்னுடைய ஆசை என்றார். உன் அப்பாவும் "ஓமோம், பாப்பம்" என்று விட்டார். ஞாயிற்றுக்கிழமை நீ ஓடி வந்தாய். நான் நினைத்தேன், சரி, இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று சொல்ல வருகிறாய் என்று. நீ ஒரு திட்டத்தோடு வந்திருந்தாய்.

"அம்மா, நீங்கள் வீட்டில வாசிச்சு ரெக்கோட் பண்ணித் தாங்கோ. டீஜே அதைப் போடுவார். அப்பா சும்மா பிடிச்சுக்கொண்டு நிப்பார். ஆருக்கும் தெரியாது."

பகிடி விட்டுச் சிரிக்கப் போகிறாய் என்று நினைத்தேன். "ஏன், நான் ஏறி வாசிச்சால் என்ன?" என்று கேட்டேன். "அம்மா, ப்ளீஸ். அவை ஒழுங்கான ஆக்கள். என்ன நினைப்பினம்?" என்றாய்.

ஒழுங்கான ஆட்கள்! அப்போது நான் யார்? கணக்காளராக உழைத்தேன். கோயில் தேருக்கு வடை சுட்டேன். உன் சத்திரசிகிச்சைக்கு ஆஸ்பத்திரிக் கதிரையில் கிடந்தேன். ஞாயிறு பின்னேரத்தில் எட்மண்டன் தேவாலய மண்டபத்தில் ஓய்வுபெற்ற மூன்று வெள்ளைக்காரரோடு பழைய பாட்டு வாசிக்கிறேன். இதில் எது ஒழுங்கில்லாதது? சேலை கட்டிய ஒருத்தி தோளில் கிட்டார் பட்டி போட்டால் உன் சம்பந்தம் இடிந்து விழுமா? உன் அப்பாவிடம் கேட்டேன். "விடுமப்பா, பிள்ளைக்காகத்தானே. ஒரு நாள் கூத்து" என்றார். சொல்லிவிட்டு, நான் கடைக்குப் போன நேரம் பார்த்து அதைத் தூக்கி மாட்டிப் படம் எடுத்துக் குடும்பக் குறூப்பில் போட்டார். பட்டி தவறான தோளில், கழுத்து தவறான பக்கம், கம்பி தலைகீழ். அதற்குக் கீழே உன் பெரியம்மாவின் மகன், "சூப்பர் சித்தப்பா, இவ்வளவு நாளும் மறைச்சிட்டீங்கள்" என்று போட்டிருந்தான். நீ அதற்கு ஒரு இதயம் போட்டிருந்தாய். அதைப் பார்த்த பிறகு எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

கிட்டாரைப் பெட்டியில் வைத்து, முதுகில் மாட்டிக்கொண்டு, ரயிலேறி, இடையில் மாறி, கிங்ஸ்பரிக்குப் போனேன். உனக்கும் சொல்லவில்லை, உன் அப்பாவுக்கும் சொல்லவில்லை. உன் மாமியார் கதவைத் திறந்து, "வாங்கோ அக்கா, என்ன, அண்ணை வரேல்லையோ?" என்று எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். நான் உள்ளே போய், பெட்டியைத் திறந்து, சோபாவின் விளிம்பில் உட்கார்ந்து, ஒன்றும் சொல்லாமல் வாசித்தேன். அம்ப்ளிபயர் இல்லை, சத்தம் மெல்லியதாகத்தான் வந்தது. உன் மாமனார் டிவியை நிறுத்தினார். வாசித்து முடித்ததும் உண்மையைச் சொன்னேன்.

அவர் கோபித்தார். ஆம், கோபித்தார். ஆனால் நீ பயந்த காரணத்துக்கு அல்ல. "அப்ப அண்டைக்கு முழுக்க நான் சுவரோடயோ கதைச்சனான்? பிளக் பொயின்ட் எண்டு அண்ணை சொன்னது பகிடி எண்டெல்லோ நினைச்சன்!" என்றார். உன் மாமியார் சிரிப்பை அடக்க முடியாமல், "அக்கா, இவர் இதுகளைக் கதைக்க ஆள் தேடி அலையிற மனுசன். என்னைப் பிடிச்சு இருத்திப் பாட்டுப் போடுவார், நான் நித்திரையாப் போயிடுவன். நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கக் கூடாதோ?" என்றார். பிறகு நாங்கள் பேசினோம். விரலா பிக்கா, எந்தக் கம்பி, அந்தப் பழைய காந்தம் ஏன் இரைகிறது, எல்லாம். உன் ஒழுங்கான ஆட்கள் இவர்கள்தான். நீ என்னை மட்டும் குறைவாக நினைக்கவில்லை, இவர்களையும் குறைவாகத்தான் நினைத்திருக்கிறாய்.

நான் அங்கே போனது என் கோபத்தோடு. திரும்பி வந்தது வேறு கோபத்தோடு. கிளம்பப் போகும்போது நிவேதா வேலை முடிந்து வந்தாள். பச்சை உடுப்பு, தடித்த சப்பாத்து, இடுப்பில் கையுறையும் கத்தரிக்கோலும். "என்ன பிள்ளை, ஆஸ்பத்திரி ஒஃபிசில இப்பிடியோ உடுக்கிறது?" என்று கேட்டேன். நீதானே எனக்குச் சொன்னாய், ஆஸ்பத்திரி நிர்வாகம் என்று. வெளியே சாப்பிடப் போன நேரங்களில் அவள் வேலையைப் பற்றிப் பேச்செடுத்தால் நீ முந்திக்கொண்டு மெனுவை நீட்டுவாய். அவள் என்னை விளங்காமல் பார்த்தாள். "நான் அம்புலன்ஸில பராமெடிக், மாமி. வாகனம் ஓடுறதும் நான்தான். அவர் சொல்லேல்லையோ?"

அவளுக்கு விளங்கிவிட்டது, எனக்கும் விளங்கிவிட்டது. பொம்பிளைப் பிள்ளை கண்ட நேரத்திலும் வீதியில் திரிகிறாள் என்று உன் பெரியம்மா சொல்லுவா என்று பயந்து, மூச்சு நின்றவர்களுக்கு மூச்சுக் கொடுக்கிற பிள்ளையைக் கொண்டுபோய் ஒரு மேசைக்குப் பின்னால் இருத்திவிட்டாய். என் கிட்டாரைப் பிடுங்கி அப்பாவிடம் கொடுத்த அதே கையால் அவளுடைய அம்புலன்ஸையும் பிடுங்கியிருக்கிறாய். நான் உன் அம்மா, எனக்கு வேறு மகன் இல்லை, என்னால் உன்னை விட்டுப் போக முடியாது. அவளால் முடியும்.

தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக்கொண்டே அவள் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை, அழவும் இல்லை. "மாமி, கலியாணத்துக்குப் பிறகும் இவர் இப்பிடித்தான் இருப்பாரோ?"

நான் உன்னைப் பெற்றவள். இல்லைப் பிள்ளை, அவன் நல்லவன் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. உனக்காக இன்னொரு பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "அதை அவனைத்தான் கேக்க வேணும்" என்றேன். இதையெல்லாம் எழுதிப் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன், அவளுடைய பெயரை மாற்றிப் போடுகிறேன் என்றும் சொன்னேன். கோப்பையைத் துடைத்து வைத்துவிட்டு, "போடுங்கோ மாமி" என்றாள்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேள். ரிசெப்ஷனில் வாசிக்க நான் சம்மதித்திருக்கிறேன். உன் மாமனார் கீபோர்ட் வாசிக்கிறார், ஒத்திகைக்கு எட்மண்டன் மண்டபத்துக்கு வருகிறார். உன் அப்பாவிடமும் சொல்லியாயிற்று. உள்ளுக்குள் அவருக்கும் நிம்மதிதான், மீசையைத் தடவவில்லை. ஆனால் அறிவிப்பாளர் சொல்லி நான் மேடையேற மாட்டேன். மைக்கை நீ வாங்க வேண்டும். இது என் அம்மா, இது அவவுடைய கிட்டார் என்று நீ சொல்ல வேண்டும். பக்கத்தில் நிற்கிறவளைக் காட்டி, இவள் அம்புலன்ஸ் ஓட்டுகிறாள் என்றும், உன் பெரியம்மா இருக்கிற மேசையைப் பார்த்து, சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் பட்டுச்சேலையோடு கதிரையில் இருப்பேன், வந்தவர்களுக்குச் சிரித்துக் கைகூப்புவேன், ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. நிவேதாவுக்கு மட்டும் அவள் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

இந்தக் கடிதத்தில் என் பெயரை நான் போடவில்லை. அதை நீ சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் போடவில்லை. கிட்டாரை நான் கொண்டு வருகிறேன். வாயை நீ கொண்டு வா.

அம்மா